பக்கவாட்டில் கட்டிய பெட்டி

எண்பதுகளின் கடைசியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் தீனிக்கதவு ஒன்று வைத்தேன். மாடு தலையை நீட்டினால், கழுத்தில் தொங்கும் தட்டையான பெட்டியின் நம்பரைக் கதவு வாங்கிக்கொண்டு திறக்கும். உள்ளே அந்த மாட்டுக்கான தவிடும் புண்ணாக்கும் இருக்கும். பெட்டிக்குள் பேட்டரி கிடையாது. கதவுச் சட்டத்தில் சுற்றிய கம்பிச்சுருளின் காந்தப்புலம்தான் அதை எழுப்பவேண்டும்.

அந்தப் புலம் எவ்வளவு தூரம் எட்டும் என்று பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு மாதம் போட்டுப் பார்த்திருந்தேன். மாட்டின் உயரத்தை மாற்றினேன், தூரத்தை மாற்றினேன், கழுத்தை உப்புத்தண்ணீர் நிறைந்த உருளையாகக்கூட வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. தலைக்கனம் ஏறியிருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

பால் கறக்கிற அக்காவிடம், "கையால தீனி வெக்காதீங்க, சோதனை கெட்டுப்போயிடும்" என்று கறாராகச் சொல்லியிருந்தேன். பக்கத்திலேயே அவர் வீடு. எனக்குக் காபியும் அங்கிருந்துதான் வரும்.

இரண்டாம் நாள் வந்து சொன்னார். "கன்னு போட்டிருக்குதே செவல, அதுக்குக் கதவு தொறக்கமாட்டேங்குதுங்க சார்."

"அது கதவுக்கே வரலக்கா. கதவு அடிச்ச தாள்ல அதோட நம்பரே விழல பாருங்க."

"தலைய உள்ள வுட்டுக்கிட்டு நிக்குதுங்களே."

"நின்னா நம்பர் விழும். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சு."

அன்று காபியில் பால் இல்லை. மறுநாளும் அப்படியே. "மாட்டுப் பண்ணையில வரக்காப்பியா? நல்லா இருக்குதுக்கா உங்க உபசாரம்" என்றேன். சும்மா சிரித்தார்.

நாலாம் நாள் காலையில், போனால் போகிறதென்று கதவருகில் போய் நின்றேன். செவலை வந்தது. தலையை விட்டது. மூடிய பலகையை நக்கிக்கொண்டே நின்றது. பெட்டி தொண்டைக்குக் கீழே இல்லை. கழுத்தின் பக்கவாட்டில் இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் முகத்துக்குப் பதில் விளிம்புதான் சுருளைப் பார்த்தது. அப்படி இருந்தால் புலம் பெட்டிக்குள் புகாமல் ஓரமாகப் போய்விடும். இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட நான் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"யாரு இதை இப்படிக் கட்டினது?" என்று கத்தினேன்.

"நாந்தாங்க. கன்னை நக்கறப்ப பெட்டி அது மூஞ்சில இடிச்சுதுங்க. கன்னு போட்ட மாட்டுக்கு மணியக்கூட நாங்க ஓரமாத்தான் கட்டுவோம்."

பெட்டியை நேராகத் தொங்கவிட்டேன். கதவு திறந்தது. செவலை தின்ற வேகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாள் வெறும் வைக்கோல். மடி சுருங்கிப் போயிருந்தது. கன்று மட்டும் வாடாமல் துள்ளிக்கொண்டிருந்தது.

"கன்னு எப்படிக்கா தாக்குப்புடிச்சுது?"

"தினம் வூட்டுக்குன்னு எனக்குக் குடுக்கற அரை லிட்டர் பாலை அதுக்கு ஊத்தினேங்க. மாட்டுக்கு வெக்கக்கூடாதுன்னுதான சொன்னீங்க. கன்னுக்குச் சொல்லலீங்களே."

கொஞ்ச நேரத்தில் டம்ளரோடு வந்தார். அன்றைக்கும் வரக்காப்பிதான். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.