மாத்தே குடித்த அத்தை

தண்ணீர் பாட்டிலைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். சென்னையிலிருந்து டெக்சஸ் வந்து, இர்விங்கில் ஓர் அபார்ட்மெண்டின் மாடியில் குடியேறிய பிறகும் அது மாறவில்லை. அந்தச் சட்டத்தை முதலில் மீறியவள் என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. ஊரில் பல வருடம் டாக்டராக இருந்தவள். இங்கே மறுபடி பரீட்சை எழுதித் தேறும்வரை யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. அதனால் எங்கள் சாப்பாட்டு மேஜையில் தடித்தடியான புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, நடுநடுவே பாத்திரம் கழுவிக்கொண்டு, என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துகொண்டு இருந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது.

கீழ்வீட்டில் அர்ஜென்டினாக்கார ஆன்ட்டி ஒருவர் தனியாக இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு, கைக்கு அடக்கமான ஒரு சுரைக்குடுக்கையில் இலைத்தூளை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பார். மாத்தே என்று அதற்குப் பெயர். ஒரே குடுக்கை, ஒரே குழல். சுற்றியிருப்பவர்கள் மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது எங்களையும் கூப்பிட்டார். அத்தை தயங்காமல் உட்கார்ந்து வாங்கிக் குடித்ததை அம்மா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டாள்.

“நீ டாக்டர்தானே? எச்சில்னு தெரியாதா?”

“தெரியும் அண்ணி. ஆனா நம்ம வீட்டுக்கு வெளியில, இந்த ஊர்ல என்னை உக்காருன்னு சொன்ன மொத ஆள் அவங்கதான்.”

எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. பாகற்காயைப் புல்லோடு அரைத்த மாதிரி கசப்பு. ஆனாலும் பள்ளியில் சொல்லித் தந்தபடி “தேங்க் யூ” என்றேன். அதோடு சரி, குடுக்கை என்னைத் தாண்டியே போய்க்கொண்டிருந்தது. ஆன்ட்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தையோ நன்றி சொல்லிப் பழகாதவள். வந்ததையெல்லாம் வாங்கிக் குடித்தாள். போதும் என்று தலையை ஆட்டினால் ஆன்ட்டிக்கு அது சம்மதமாகப் பட்டது. காபியைப்போலத் தூக்கத்தை விரட்டும் இலை அது. அன்று இரவெல்லாம் தூக்கமில்லாமல், படபடக்கும் நெஞ்சோடு, தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மறுநாள் விஷயம் தெரிந்ததும் ஆன்ட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் ஊரில் குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி என்று சொன்னால், ‘எனக்குப் போதும்’ என்று அர்த்தமாம்.

அதன்பின் அத்தை காலையில் மட்டும், அதுவும் கொஞ்சமாகக் குடித்தாள். காபி மாதிரி வயிறு எரியவில்லை, தலை தெளிவாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டாள். புத்தகப் பக்கங்களும் வேகமாகப் புரண்டன.

ஒரு சனிக்கிழமை, கையில் வாங்கிய குடுக்கையை மறந்து, அத்தை ஆன்ட்டியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமாறுகிறவர்தான் முதலில் குடிப்பது வழக்கம். கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஆன்ட்டி அப்படியே ஊற்றிக் குடிப்பார். பிஸ்கட்டை நனைத்து நனைத்துத்தான் தின்றார். ஒவ்வொரு வாய்க்கும் கழுத்தை நீட்டினார். விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதா என்று அத்தை கேட்டாள். வயதாகிறதல்லவா என்று அவர் சிரித்தார். அத்தை விடவில்லை. அளவாகக் குடித்தால் இலையில் பயமில்லை, ஆனால் இத்தனை வருடம் கொதிக்கக் கொதிக்கக் குடித்தது உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கலாம், உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். ஆன்ட்டியின் முகம் மாறியது. தங்கள் தேசமே இதைக் குடித்துத்தான் வாழ்கிறது என்று சொல்லி, குடுக்கையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

பிஸ்கட் தட்டும் அவரோடு போனது. “யூ ஸ்பாயில்ட் இட், அத்தை!” என்று கத்தினேன்.

அத்தை தினமும் காலையில் போய் அந்தக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

“அவங்கதான் வேண்டாங்கறாங்களே, நீ போய்ப் படி. எக்ஸாம் வருது” என்றாள் அம்மா.

“விழுங்க முடியலைன்னா சும்மா விடக்கூடாது அண்ணி. நான் படிச்சதே அதுக்குத்தான்.”

ஒருநாள் கதவு திறந்தது. நேற்று சூப்கூட இறங்கவில்லை என்றார் ஆன்ட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு. அத்தை புத்தகத்தை மூடிவைத்தாள். அப்பா லீவு போட்டு இருவரையும் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தபோதும் அத்தைதான் வெளியே காத்திருந்தாள். உள்ளே புண்ணாகிச் சுருங்கியிருந்தது. புற்றாக மாறுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார்களாம். ஆன்ட்டி பிழைத்துக்கொண்டார். மாத்தேயை விடவில்லை, ஆறவைத்துக் குடிக்கப் பழகினார். அத்தையும் அந்தப் பரீட்சையில் தேறினாள். இன்று ஹூஸ்டனில் டாக்டர்.

ஆனால் என் மனதில் நிற்பது, ஆஸ்பத்திரியில் முடிவு தெரிந்து அவர்கள் திரும்பி வந்த சாயங்காலம்தான். அத்தை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டாக்டர், “நீங்களும் டாக்டரா?” என்று கேட்டுக் கைகொடுத்ததை அப்பா கூடத்தில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்த நான், என்னிடமிருந்த பென்சில்களையெல்லாம் கூராகச் சீவி, அவளுடைய புத்தகத்தின்மேல் கொண்டுபோய் வைத்தேன்.