பதினான்காவது படம்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. இருபது வருடமாக அதே கீழ்த்தள அறை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்ற அதே பாட்டு. சட்டையில் சிறிய பட்டை ஒன்றைக் குத்தியிருப்பார். அவர்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது அளக்கும். அளவு கொஞ்சம் கூடினாலும் மேலிடத்திலிருந்து கடிதம் பறந்து வரும். மேசையில் படுக்கும் நோயாளிக்கு அப்படி எதுவும் கிடையாது. அளந்தால்தானே கவலைப்பட வேண்டும்.

ஒரு பெயின்டர் ஏணியிலிருந்து விழுந்து முதுகு வலியோடு வந்தார். எலும்பு டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை என்றார். வலி போகவில்லை. நரம்பு டாக்டருக்கு வேறொருவர் எடுக்கச் சொன்ன படத்தில் நம்பிக்கை இல்லை, புதிதாக ஒன்று. லீவு முடிந்து வந்த பொது மருத்துவர் தம் பங்குக்கு ஒன்று. பழைய சீட்டு தொலைந்ததற்காகவும் ஒன்று. முதுகைத் தொட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

இப்படியே சுற்றி, ஐந்து மாதம் கழித்துப் பதினான்காவது முறையாக வந்து நின்றவரிடம் அக்கா கேட்டார்.

"பழைய படமெல்லாம் எங்கண்ணே?"

"பீரோ மேல கிடக்கும்மா. யாரும் கேக்கல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பதிமூன்றையும் எடுத்தது அவர் கைதான். சீட்டைப் பார்த்தாரே தவிர ஆளைப் பார்க்கவில்லை. ஒரு படத்தால் குடி முழுகிவிடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வேண்டாத கதிர் துளியாவது எதற்கு? அத்தனையையும் எடுத்து வரும்படி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எலும்பு டாக்டர் முதல் முறையாக அந்த அறைக்கு எழுந்தருளினார். ஆளைத் திருப்பி அனுப்ப நீங்கள் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெயின்டரும் மனைவியும் பையோடு வந்துவிட்டார்கள். அக்கா பையை வாங்கினார். படங்களைத் தேதிவாரியாக விளக்குப் பலகையில் மாட்டினார்.

முதல் படத்தில் ஒழுங்காக இருந்த முதுகுத்தண்டின் ஒரு எலும்பு, படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொண்டே வந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்த யார் கண்ணிலும் அது படவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எதுக்கும் இன்னொன்னு எடுத்துப் பாத்துடலாம்."

"இதுல எது சார் தெரியல?" என்றார் அக்கா.

பெயின்டரின் மனைவி டாக்டர் முகத்தையே பார்த்தார். டாக்டர் படங்களைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், கடைசியில் நோயாளியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். இடுப்புக்குப் பெல்ட், படுக்கையில் ஓய்வு, பிறகு பயிற்சி என்று எழுதினார்.

நான்கு மாதத்தில் பெயின்டர் வேலைக்குப் போய்விட்டார். கைக்கு எட்டும் சுவர்கள் மட்டும். அக்காவுக்கு, மருத்துவர் உத்தரவை மதிக்காததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. "தேவையற்ற கதிர்வீச்சைத் தவிர்ப்பது எப்படி" என்று ஆண்டுக் கூட்டத்தில் எலும்பு டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டல் பலமாக இருந்ததாம். அக்காவால் போக முடியவில்லை. அன்று கீழே வரிசை நீளம். வந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பழைய படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.