சொக்கம்மாள் எண்ணெய் தேய்த்த கல்

தென்காசிச் சிவசைலத்துக்குச் சாமி பயம் கொஞ்சம், பெண்டாட்டி சொக்கம்மாள் பயம் நிறைய. குற்றால மலையடிவாரத்தில் குத்தகைக்கு எடுத்த கல்குவாரியில்தான் இரண்டு பேர் பிழைப்பும் ஓடியது. 1936இல் அதுவும் படுத்துவிட்டது. கொழும்புக்குக் கப்பலேறுவது என்று முடிவாகி, சொக்கம்மாள் அழுது ஓய்ந்த சமயத்தில், சிற்றாற்றில் கட்டும் பாலத்துக்குச் சர்க்காரில் கல் கேட்டார்கள். ஒரே நிபந்தனை. சென்னையில் ஒரு பரிசோதனைச் சாலையில் கல்லை மிஷினில் வைத்து அழுத்துவார்கள். சொன்ன பாரத்தைத் தாங்கினால் ஆர்டர். தாங்காவிட்டால் கப்பல்தான்.

சிவசைலம் இரண்டு கல்லைச் சதுரமாகச் செதுக்கித் தேய்த்து வைத்தான். அவன் குளிக்கப் போன நேரம் சொக்கம்மாள் இரண்டுக்கும் நல்லெண்ணெய்க் காப்புச் சாத்தி, குங்குமம் வைத்து, துணியில் கட்டிவிட்டாள். ஊரைவிட்டுப் போகாமல் காப்பாற்று என்று கல்லிடமே வேண்டிக்கொண்டாள். கேட்க வேறு ஆளில்லை, பாவம்.

சென்னையில் மிஷின் ஓட்டுகிறவர் முகம்மது மீரான், கடையநல்லூர்க்காரர். முதல் கல்லை இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். சொன்ன பாரத்தில் பாதிகூட ஏறவில்லை, கல் மேலிருந்து கீழாக விறகு மாதிரி பிளந்து விழுந்தது.

மீரான் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னவே, கல்லை எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிக் கூட்டியாந்தீரோ?"

"வீட்டுல அவ சாமிக்குன்னு வச்சிருக்கா, அண்ணாச்சி."

"நல்லா வச்சா. மேல கீழ தட்டு பிடிச்சு நிறுத்தினாத்தான் கல்லு பக்கவாட்டுல விரியாது. எண்ணெ பட்டா வழுக்கும், பிடிமானம் போயிரும், விரிஞ்சு பிளந்துரும். மத்ததைக் கழுவிக் காயவச்சுக் கொண்டாரும்."

சிவசைலம் சோடாத்தூள் போட்டுத் தேய்த்தான். குங்குமம் கரைந்து சாக்கடையில் ஓடியபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனாலும் தேய்த்தான்.

இரண்டாவது கல் பாதியைத் தாண்டியது, சொன்ன பாரத்தையும் தாண்டியது. அதற்கப்புறம்தான் படாரென்று வெடித்தது. நான்கு பக்கமும் உதிர்ந்துபோக, நடுவில் உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஒரு துண்டு நின்றது.

"போய்க் கல்லை உடையும்" என்றார் மீரான்.

"கல்லு தேறிட்டு" என்றான் சிவசைலம், வீட்டுக்குள் நுழைந்ததும்.

"என் எண்ணெக்காப்பு வீணாப் போகுமா?" என்றாள் சொக்கம்மாள்.

உன் காப்புதான் காப்பாற்றியது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"சாமிக்குச் சாத்துனதைச் சோடா போட்டுக் கழுவுனியளா? நீங்க மனுசன்தானா?"

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. ஏசிக்கொண்டே, கப்பலுக்கென்று கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினாள். சிவசைலம் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.