ஆறு இல்லாத ஊரில் பெண் பார்க்க வந்தவர்

எங்கள் தீவுகளில் ஆறு இல்லை. கால்வாயும் இல்லை. மாரியில் ஒழுங்கைத் தெருக்கள் வழியே ஓடும் வெள்ளத்தை ஆறு என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். மழை விட்டதும் அதுவும் போய்விடும். இருப்பது கடல்தான். அதுவும் தீவுக்கும் தீவுக்கும் நடுவே பல இடங்களில் முழங்காலளவு. புளியங்கூடலில் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஒரு குறை என்று மலாயாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து சொல்லும்வரை தெரியாது.

அவர் அங்கே அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது. மலாயாவில் உத்தியோகம் என்றால் ஆள் எப்படியிருந்தாலும் எங்கள் ஊரில் பந்தற்கால் நட ஆயத்தமாக நின்றார்கள். லீவில் வந்து புங்குடுதீவில் தமக்கை வீட்டில் தங்கியிருந்தார். சாதகம் பொருந்திற்று. சாதகத்தோடு அவருடைய படங்களும் ஒரு கட்டாக வந்தன. எல்லாப் படத்திலும் அவர் ஏதோ ஒரு ஓடத்தில் இருந்தார். தொப்பியோடு இருந்தார், தொப்பி இல்லாமல் இருந்தார், கன்னத்தில் கை வைத்து யோசித்துக்கொண்டு இருந்தார். ஆறு என்பது அவருடைய காதுக்குப் பின்னால் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தெரிந்தது.

அம்மா படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தாள் என்ன, தோணி ஓட்டுறவரோ?" என்று கேட்டார்.

"விசர்க் கதை கதையாதை" என்றார் ஐயா. "லீவுக்கு லீவு ஆறு பாக்கப் போறவராம். மலையாளத்திலை பாத்தவர், பர்மாவிலை பாத்தவர். உலகத்திலை எந்த ஆத்திலை ஓடம் விட்டால் வடிவு எண்டு அவரைக் கேட்டாத் தெரியும்."

ஐயா சத்தம் போட்டால் அடுத்த வளவு ஆடுகள் எழும்பி நிற்கும். அப்படிப்பட்ட மனிதர் அந்தக் கட்டுப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு கோவிலில் திருநீறு வாங்குகிறவரைப் போல நின்றார்.

மாப்பிள்ளைக்கு ஒரு விருப்பம் இருந்தது. வீட்டுக்குள் கதிரையில் இருந்து பலகாரம் தின்றபடி பெண் பார்ப்பது நாகரிகமற்ற பழக்கமாம். பெண்ணை இயற்கைக் காட்சியின் நடுவே, தண்ணீரின் மேல் பார்த்தால்தான் உண்மையான முகம் தெரியுமாம். இதைத் தமக்கை வந்து சொன்னபோது ஐயா கொஞ்சமும் சிரிக்கவில்லை. நயினாதீவு அம்மன் கோவிலுக்கு நேர்த்தி வைத்திருப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு எல்லோரும் ஒரே வள்ளத்தில் போய் வருவது என்று முடிவாயிற்று. நேர்த்தி எதுவும் இருக்கவில்லை. அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று அம்மா சொன்னார்.

அன்று காலை அவர் வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் காற்சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாகக் கரைக்கு வந்தார். வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவே கணுக்கால் தண்ணீர். வள்ளக்காரர் அவரை முதுகில் சுமந்துகொண்டுபோய் ஏற்றினார். தொப்பி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வள்ளக்காரரின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளை என்னைத் தாண்டிப் போனார். என்னுடைய முகத்தை அவர் பார்த்தாரோ தெரியாது. நான் அவருடைய சப்பாத்தின் அடியைப் பார்த்தேன்.

போகும் வழியெல்லாம் பேசினார். மலையாளத்துக் காயல்களில் தென்னைகள் குனிந்து தண்ணீரில் முகம் பார்க்கும். இத்தாலியில் ஒரு பட்டணத்தில் தெருவே தண்ணீர். அதைத் தான் இன்னும் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவர் ஒருவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார். மலாயாவில் ஆற்றின் இருபக்கமும் காடு, நடுவிலே ஓடம், ஓடத்திலே தான்.

"நீர் ஆறு பாத்திருக்கிறீரோ?" என்று என்னைக் கேட்டார். அன்று அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

"இல்லை" என்றேன்.

"ஒண்டுமே?"

"இஞ்சை இல்லையே."

"பாவம்" என்று அவர் தமக்கையைப் பார்த்துச் சொன்னார். தமக்கையும் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டினாள். அவளும் எங்களைப் போலத் தீவில் பிறந்தவள்தான். தம்பியின் படங்களில் தவிர அவளும் ஆறு கண்டதில்லை.

"இது ஒரு தண்ணியே?" என்று அவர் எங்கள் கடலைக் கையால் தள்ளிவிட்டார். "மரம் இல்லை, வளைவு இல்லை, நிழல் இல்லை. வெறும் வெளி."

"ஓம், ஓம். வெறும் வெளிதான்" என்றார் ஐயா. அந்த வெறும் வெளியில் பிடித்த மீனைத் தின்றே அவர் அந்த உடம்பை வளர்த்திருந்தார்.

கோவிலில் மாப்பிள்ளை மூலஸ்தானத்தை நோக்கிக் கும்பிட்டதைவிடக் கடற்பக்கம் திரும்பி நின்றதே அதிகம். திரும்பி வரும்போது ஐயாவுக்கு ஒரு புத்தி வந்தது. எங்கள் கரைப்பக்கம் கண்டல் மரங்களுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்த ஒரு ஓடை உண்டு. இரண்டு பக்கமும் மரம். பார்த்தால் ஆறு மாதிரியே இருக்கும் என்று மாப்பிள்ளைக்குச் சொன்னார். விறகு வெட்டப் போகிறவர்களைத் தவிர ஒருவரும் போகாத இடம். மாப்பிள்ளையின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது.

"கடல் வத்துற நேரமெல்லோ?" என்றார் அம்மா.

வள்ளக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ரை வள்ளம் பனியிலையும் ஓடும், அக்கா" என்று சொல்லிப் பாயை இறக்கிவிட்டுக் கோலை எடுத்து ஊன்றத் தொடங்கினார். ஆக, புத்தி இருந்த ஒரே ஆள் அம்மா. அவரை யாரும் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஓடைக்குள் நுழைந்ததும் அது வடிவாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கண்டல் வேர்கள் விரல் விரலாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. ஒரு கொக்கு எங்களைப் பார்த்துவிட்டு, பறக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தீர்மானித்து நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

"ஆ! இப்ப ஒரு காட்சி!" என்றார். பிறகு என்னிடம், "முகத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பும். ஓம். கையைத் தண்ணியிலை விடும். விரலாலை மெதுவா அளையும்."

ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் கையை விட்டேன். கைக்குள் வந்தது அழுகிய சாதாளை. கடலடியில் முளைத்து, அறுந்து, கரையில் ஒதுங்கி நாறும் அந்தப் புல்லைப் புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பார்கள். நான் அதை உதறினேன். ஒரு துண்டு அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வருந்தவும் இல்லை.

அவர் அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வள்ளம் தரை தட்டிற்று.

வள்ளக்காரர் கோலை ஊன்றித் தள்ளினார். பிறகு இறங்கித் தள்ளினார். ஐயா பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சேறு அவரை முழங்கால்வரை இழுத்தது. கண்டலுக்குள்ளிருந்து நுளம்பு கிளம்பிக் கடிக்கத் தொடங்கிற்று. தண்ணீர் எங்கள் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு போயிற்று. மாப்பிள்ளை பலகையில் இருந்து, இந்த மாதிரி நேரத்தில் மலாயாவில் என்ன செய்வார்கள் என்று விளக்கினார்.

"கனம் குறைய வேணும்" என்றார் வள்ளக்காரர் மூச்சு வாங்கியபடி. "ஆரும் இறங்கினால்தான் அசையும்."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தார்.

"தம்பிக்குச் சளிச் சரீரம்" என்றாள் தமக்கை.

அவர் சற்று யோசித்துவிட்டு, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "பொம்பிளையள் இறங்கினால் காணும். அவை வெறுங்கால்தானே."

அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு எழும்பினார். அவருக்கு முழங்காலில் வாதம். படியிறங்குவதற்கே சுவரைப் பிடிப்பார். அவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்ததைக் கண்டதும் எனக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. நான் முந்திக் குதித்தேன். சேறு நெஞ்சுவரை தெறித்தது. இரண்டு கையாலும் அம்மாவைத் தாங்கி இறக்கினேன்.

வள்ளம் அசையவில்லை.

"ஐயா, நாங்கள் கரைக்கு நடந்து போறம்" என்றேன்.

"எடி பிள்ளை, நில்! மாப்பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறார்."

"பாக்கட்டும். அதுக்குத்தானே வந்தவர்."

அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடையைவிட்டு வெளியே வந்தால் தரை மணல். தண்ணீர் சூடாக, தெளிவாக, முழங்காலுக்குக் கீழே நின்றது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய கை நடுங்குவதை உணர்ந்தேன். அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் அடக்கிப் பார்த்து, ஏலாமல், கடைசியில் வாய்விட்டே சிரித்தார். "அவை வெறுங்கால்தானே" என்று மாப்பிள்ளையின் குரலில் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சேலை இரண்டும் நனைந்து, தலை அவிழ்ந்து, நாங்கள் இருவரும் நடுக்கடலில் நின்று சிரித்தோம்.

ஐயா வரவில்லை. மாப்பிள்ளையைத் தனியே விட ஏலாதாம். கடல் திரும்பப் பெருகும்வரை அங்கேயே நின்றுவிட்டு, பொழுதுபட்ட பிறகு இடுப்புவரை சேறோடு வீட்டுக்கு வந்தார். புட்டுப் பெட்டியும் தண்ணீர்ச் செம்பும் வள்ளத்தில்தான் இருந்தன. எல்லாவற்றையும் மாப்பிள்ளையும் தமக்கையும் முடித்துவிட்டார்களாம். ஐயாவுக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட மிஞ்சவில்லை. ஆனாலும் கோபம் என்மேல்தான்.

தமக்கையிடமிருந்து பதில் வந்தது. பெண்ணுக்கு வாய் நீளமாம். இயற்கையில் ஈடுபாடும் இல்லையாம். ஐயா குசினிவாசலில் நின்று கத்தினார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "சேத்துக்குள்ளை நிண்டு வள்ளம் தள்ளினது நீங்கள். உங்கடை வயசென்ன, அவரின்ரை வயசென்ன? அவர் ஒருக்கா இறங்கினவரோ? உவருக்குப் பிள்ளையைக் குடுத்தால் ஆயுசுக்கும் அவள்தான் தள்ள வேணும்."

ஐயா கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்தக் கதை எங்கள் வீட்டில் பிறகு எழவில்லை.

அவர் பட்டணப் பக்கத்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு மலாயாவுக்குப் போனார். யுத்தம் வந்து கடிதம் நின்றபோது அவருடைய தமக்கை கோவில் கோவிலாக அலைந்ததைக் கண்டிருக்கிறேன். அதில் எனக்குப் பரிகாசம் இல்லை. நானும் ஒருநாள் அவளுக்காகக் கற்பூரம் கொளுத்தினேன். அவர் உயிரோடு வந்து சேர்ந்தார். மெலிந்து, பல் இரண்டு போய் வந்திருந்தாராம். வந்து கொஞ்ச நாளில் குறிகட்டுவான் கரையில் நின்று, வள்ளத்துக்குக் காத்திருந்த சனத்துக்கு உலகத்து ஆறுகளை வரிசைப்படுத்திச் சொல்லத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் என் இரக்கம் பாதியாகிவிட்டது.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் ஒருவரைக் கட்டினேன். அவர் என்னை வீட்டுக்குள், கதிரையில் இருந்து, வடை தின்றுகொண்டு பார்த்தார். இரண்டு வடை தின்றார். மூன்றாவதைக் கேட்க வெட்கப்பட்டார். கலியாணமான கையோடு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. கச்சான் காற்றுக் காலம். வள்ளம் ஏறி இறங்கி எங்களைக் குடைந்து எடுத்தது. நான் ஒரு பக்கம் வாந்தி எடுத்தேன், அவர் மறுபக்கம் எடுத்தார். நடுவில் கிடைத்த நேரத்தில் அவர் என் தலையைப் பிடித்தார், நான் அவருடைய தலையைப் பிடித்தேன். காட்சியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கரையில் இறங்கி எங்களுக்கென்று தந்த வீட்டைத் திறந்தால், உள்ளே ஒரு பசுமாடு படுத்திருந்தது. அவர் கொம்பைப் பிடித்து இழுத்தார், நான் பின்னால் நின்று தள்ளினேன். மாடு போன பிறகு இருவரும் தரையைக் கழுவத் தொடங்கினோம்.