இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு வந்தது பட்டப்பகலில், மூன்று மணி பதினான்கு நிமிடத்துக்கு. கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது, அதனால் நேரத்தில் தப்பே இல்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

பெரிய கம்பெனிகள் எங்கெங்கோ இருக்கும் தொழிற்சாலைகளில் சட்டை தைத்து வாங்குகின்றன. அங்கே வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா, ஆபத்து என்றால் தப்பிக்க வழி இருக்கிறதா என்று நேரில் பார்த்து அந்தக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. "ஊர் ஊராப் போய்க் குறை சொல்றதுக்குச் சம்பளமா?" என்று என் தங்கை கிண்டல் செய்வாள். பதினோரு வருஷமாக லாட்ஜ் அறை, தனிச் சாப்பாடு. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மேனேஜர் வாய் நிறைய மேடம் போடுவார், தைக்கிறவர்கள் தலை நிமிர மாட்டார்கள். நூறு பேருக்கு நடுவே தனியாக இருப்பது எப்படி என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

பத்து நாளுக்கு முன் போன இடத்தில் மூன்று மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முன்னால் ஒரு படிக்கட்டு, பின்னால் ஒன்று. நான் வரும் தேதி அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே தெரியும், அதுதான் எங்கள் வழக்கம். பின்படிக்கட்டின் கீழ்க்கதவு அகலத் திறந்திருந்தது. கீலில் புது எண்ணெய் மின்னியது. படம் எடுத்துக்கொண்டு நாலு படி ஏறிப் பார்த்தேன். தூசி. வருஷக்கணக்காக யாரும் காலே வைக்காத தூசி. அப்படியென்றால் மற்ற நாட்களில் இந்தக் கதவு பூட்டித்தான் கிடக்கிறது. தூசியைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும். பூட்டை எடுக்கும்வரை கம்பெனிகள் ஆர்டரை நிறுத்திவிடும்.

மூன்று பத்துக்குத் தீ ஒத்திகை மணி அடித்தது. மூன்று நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே வர வேண்டும், பாதிப் பேர் பின்பக்கமாக. ஆனால் ஒருவர்கூடப் பின்பக்கம் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் முன்வாசலில் முட்டி மோதி இறங்கினார்கள். இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. முற்றத்தில் வரிசையாக நிறுத்தி சூப்பர்வைசர் இரண்டு தடவை எண்ணினார். கணக்குச் சரி.

மூன்று பதினான்கு. பின்படிக்கட்டில் யாரோ இறங்கும் சத்தம்.

சரக்... தப். சரக்... தப்.

ஒரு காலில் செருப்பு. இன்னொன்று வெறுங்கால்.

"இன்னும் யாரோ இருக்காங்க," என்றேன்.

"இல்ல மேடம். கணக்கு சரியா இருக்கு." மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நான் பின்படிக்கட்டில் ஏறினேன். முதல் திருப்பத்தில் நின்றேன்.

சரக்... தப்.

மேலே யாரும் இல்லை. தூசியில் ஒரு தடமும் இல்லை.

சரக்... தப்...

எனக்கு ஒரு படி மேலே சத்தம் நின்றது. மெல்லிய இருமல்.

சட்டைக் கையை ஏதோ உரசியது...

என்னைத் தாண்டிக் கீழே போனது.

எப்படி இறங்கி ஓடி வந்தேன் என்று தெரியாது. மூன்றாவது வரிசையில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் நின்ற பெண்கள், காற்றில் யாருடைய கையையோ பிடித்திருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, வெட்கமாக இருக்கிறது சொல்ல, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என் கையை அப்படி யாரும் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

லாட்ஜுக்கு வந்து அறிக்கையை முடித்தேன். எல்லோரும் வெளியேறினர், பின்வழி திறந்திருக்கிறது, படம் இணைப்பு. கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டேன். பேய்க்குப் பயந்து தூசியை எழுத மறந்துவிட்டேன்.

நேற்று மாலை நான்கு ஐந்துக்குப் புது நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். அந்தத் தொழிற்சாலையில் நான் கொடுத்துவிட்டு வந்த அட்டையில் என் நம்பர் இருந்தது.

"மேடம், டீ டயத்துல பேசுறேன். அன்னைக்கு மேல ஏறினீங்களே... அவ உங்கள ஒண்ணும் பண்ணலையே?"

"யாரு?"

"எங்க கூடத் தைச்சவ. நாலு வருஷம் முன்னாடி புகை வந்தப்போ பின்பக்கமா இறங்கி ஓடினா. கீழ பூட்டியிருந்துச்சு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உங்கள மாதிரி யாராவது பார்க்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் அதைத் திறப்பாங்க, மேடம். வருஷத்துல அந்த ஒரு நாள் அவ இறங்கி வந்து எங்க கூட நிப்பா. அப்புறம் திரும்பப் போயிடுவா."

"மத்த நாள்ல?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பூட்டுறாங்கன்னு எழுதிட்டீங்கல்ல, மேடம்?" என்று கேட்டாள்.

"...இல்லம்மா."



"சரி மேடம். அடுத்த வருஷம் வருவீங்கல்ல?"

அவள் போனை வைக்கவில்லை. டீ நேரம் என்பதால் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அந்த அமைதியில், எங்கோ கீழேயிருந்து, கதவைத் தட்டும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.