ஈரக் கிண்ணம்

எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மூடி சார். மெக்னீசியம் எரிக்கும் நாளில் அவர் வாயில் வேறு சொல்லே வராது. சின்னப் பீங்கான் கிண்ணத்தில் மெக்னீசியம் நாடாவைச் சுருட்டி வைத்து, மூடி போட்டு, எடை பார்த்து, பர்னரில் சூடாக்க வேண்டும். மூடியைத் தூக்காவிட்டால் காற்று போகாது, எரியாது. ரொம்பத் தூக்கினால் வெள்ளைப் புகையோடு எடையும் போய்விடும். எரிந்தால் எதுவும் குறையும் என்று நம்பி வரும் பிள்ளைகளுக்கு, உலோகம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு எடை கூடுவதைத் தராசிலேயே காட்டுவார். பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றபடி கல்நெஞ்சுக்காரர்.

நான் அவருடைய ஆய்வக உதவியாளன். கிண்ணங்களைக் கழுவி, சூடாக்கி, ஈரம் போக உலர்த்தி வைப்பது என் வேலை.

அவர் மகளும் அவர் வகுப்பில்தான் படித்தாள். பள்ளிக்குள் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்பது உத்தரவு. அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவில் சேர அவளுக்குக் கொள்ளை ஆசை. அதற்கு இந்த மெக்னீசியம் செய்முறைத் தேர்வில் தேறியாக வேண்டும்.

தேர்வன்று எனக்குச் சோம்பல். கடைசி வரிசைக் கிண்ணங்களைச் சூடாக்காமல் துணியால் துடைத்து அடுக்கிவிட்டேன். பீங்கான் தண்ணீரை உள்ளே குடித்து வைத்திருக்கும், பார்த்தால் தெரியாது; சூடு பட்டதும் அது ஆவியாகி எடையைக் குறைத்துவிடும். அதில் ஒன்று அவளுக்குப் போனது.

அவள் மூடியைத் தூக்கிய அழகை இன்றும் மறக்கவில்லை. ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை. ஆனால் ஆறவைத்து நிறுத்தால் கால் கிராம் குறைந்திருந்தது. மூன்று முறை நிறுத்தாள். பக்கத்து மேசைக்காரன் கூரை வரை புகை விட்டுவிட்டு, புத்தகத்தில் உள்ளதைக் கூசாமல் எழுதினான். இவள் தராசு சொன்னதை எழுதினாள்.

மூடி சார் அந்தத் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

“எல்லார் மெக்னீசியமும் ஆக்சிஜனைச் சாப்பிட்டுச்சு. இவளோடது மட்டும் பட்டினி கிடந்து இளைச்சுப் போச்சு.”

வகுப்பே சிரித்தது. இன்னொரு தடவை செய்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். உனக்கென்ன தனிச் சலுகையா என்று கேட்டபடி பூஜ்யம் போட்டார். நான் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, ஏற்கெனவே கழுவிய சோதனைக் குழாயையே கழுவிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும். அன்று என்னைப் போல ஒரு கோழை அந்த அறையில் இல்லை.

அவளுக்கு அறிவியல் பிரிவு கிடைக்கவில்லை. இப்போது ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். வீட்டில் அப்பா கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி.

பதினோரு வருடம் கழித்து, ஓய்வு பெற்றுப் படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கப் போனபோது மனம் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“தெரியும்யா. அதே வரிசையில மிஞ்சியிருந்த காலிக் கிண்ணத்தை அன்னிக்குச் சாயங்காலமே சூடு பண்ணிப் பார்த்தேன். அதுவும் குறைஞ்சுது.”

“அப்புறம் ஏன் சார் மார்க்கை மாத்தல?”

“பொண்ணுக்குன்னதும் வளைஞ்சுட்டான்னு ஊர் பேசும். என் பேரு என்னாகிறது?”

அவளிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னால் தன்னை மதிப்பாளா என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு தகப்பனா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுந்தேன்.

வாசலில் நான் வைத்துவிட்டுப் போன குடையோடு அவள் நின்றாள். தரவில்லை.

“மாமா, ரொம்ப நாளா உங்களைக் கேக்கணும்னு. அன்னிக்கு நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. மூடியை நான் எங்க தப்பாத் தூக்கினேன்?”

“ஞாபகம் இல்லம்மா” என்று சொல்லி, குடையை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.