சுவர் முடிந்த இடம்

அந்தக் கொத்தனாருக்குத் 'தூக்குக்குண்டு' என்று பட்டப்பெயர். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தக் குண்டு. யார் கட்டிய சுவரைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "குடிச்சிட்டுக் கட்டுனானா?" என்று கேட்காமல் நகர மாட்டார். வாய் அப்படி. கை சுத்தம்.

கடலைப் பார்த்த மேட்டில் அவர் வீடும் தங்கை வீடும் ஒட்டி ஒட்டி இருந்தன. அப்பா விட்டுப்போன இடம், ஆளுக்குப் பாதி. நடுவே ஒரே துணிக்கொடி. ஒரு முனை அவர் ஜன்னல் கம்பியில், மறுமுனை அவள் சமையலறைக்குப் பின்னால் நட்ட கம்பத்தில்.

மேடு என்றால் மண்ணும் மக்கிய பாறையும்தான். அலை மேலே ஏறி இடிப்பதில்லை. அடியில் வந்து குடையும். அடி பொக்கையானதும் மேலே நிற்பது தன் பாரத்திலேயே சரியும். இரண்டு கொல்லையும் வருஷாவருஷம் குறுகின. கொத்தனார் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேட்டின் அடியில் கருங்கல் சுவர் எழுப்பினார். தன் எல்லைக்கு வந்ததும் கல் தீர்ந்தது.

"அண்ணே, என் பக்கமும் கொஞ்சம் இழுத்துக் கட்டிடேன்."

"கட்டாம எங்க போறேன்? கையில இருக்கற வேலையை முடிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் உன் வாய்க்குப் பயந்து கடல் கிட்ட வராது."

"என் வாய்க்குப் பயந்து ஓடுனது உன் மச்சான் ஒருத்தர்தான். ஓடுனவர் நேரா மேலயே போயிட்டாரு." சிரித்தாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்கென்று ஒரு கூரை கிடையாது.

கையிலிருந்த வேலை முடிந்தது, இன்னொன்று வந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்லில் மோதிய அலை சும்மா திரும்பவில்லை. சுவரோரமாகவே ஓடி, சுவர் முடிந்த இடத்தில் வளைந்து, அங்கே மண்ணைக் கடித்தது.

"அண்ணே, சத்தம் இடம் மாறியிருக்கு. முன்னெல்லாம் உன் பக்கம் இடிக்கும். இப்ப என் அடுப்புக்குக் கீழ இடிக்குது."

"கடல்னா தாலாட்டா பாடும்? போய் வேலையப் பாரு."

மழை விட்ட ஒரு காலை, அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கொடி கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனது. கம்பம் போயிற்று. பின்னாலேயே சமையலறை, கொதிக்கிற உலையோடு.

கொத்தனார் கடப்பாரையோடு கீழே ஓடினார். தன் சுவரின் முதல் கல்லைப் பெயர்ப்பதற்குள் மேலிருந்து அவள் குரல்:

"இடிச்சா என் அடுப்பு திரும்பி வருமாண்ணே? ஒரு வீடாவது நிக்கட்டும். விடு."

மிச்சமிருந்த பாத்திரங்களை மூட்டை கட்டி, மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். அவர் வழி மறித்தார்.

"என் வீட்டுல இரும்மா."

"உன் வீட்டுல படுத்தா அந்தச் சுவத்துல அலை அடிக்கறது கேக்குமே." கொஞ்சம் நின்றாள். "நல்லா கட்டியிருக்கே அண்ணே. அசையவே இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

இப்போது யார் சுவரையும் அவர் பழிப்பதில்லை. வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் ஒன்று கேட்கிறார்: "சுவர் எங்க முடியுது? அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?" ஜன்னல் கம்பியில் கொடிக்கயிறு இன்னும் கட்டியபடியே இருக்கிறது. மறுமுனை மேட்டுக்குக் கீழே தொங்குகிறது.